அபொலூத்ரோசிஸ்: விலை கொடுத்து மீட்பதா, வெறும் விடுதலையா?

கேள்வி இது: "வேதபாட வகுப்பில் எபேசியர் 1:7 படித்தோம். 'மீட்பு' என்று வருகிற இடத்தில் கிரேக்கத்தில் அபொலூத்ரோசிஸ் என்ற சொல் இருக்கிறது, அடிமைச் சந்தையில் விலை கொடுத்து ஓர் அடிமையை வாங்கி, சந்தைக்கு வெளியே கொண்டுவந்து, கட்டவிழ்த்து விடுவதுதான் அதன் பொருள் என்று போதகர் சொன்னார். இது சரியா? அப்படியானால் அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது?"

போதகர் சொன்னதில் பாதி சரி. அந்தச் சொல்லின் பிறப்பில் விலை இருக்கிறது. ஆனால் சொல் வருகிற ஒவ்வொரு இடத்திலும் விலை இருக்கிறது என்று சொல்ல முடியாது. சந்தை என்பது அந்தச் சொல்லில் எங்குமே இல்லை. விலை உண்டா இல்லையா என்பதைச் சொல்லின் வேரைத் தோண்டி முடிவுசெய்யக் கூடாது, அது நிற்கிற வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் கடைசியில் வருகிறேன், அதற்கு முன்னால் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது.

சொல் எப்படி அமைந்தது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். 'லூவோ' என்றால் அவிழ், கட்டை நீக்கு. அதிலிருந்து 'லூத்ரோன்'. கிரேக்கத்தில் இந்த 'த்ரோன்' விகுதி ஒரு செயலுக்கான கருவியையும், சில சொற்களில் அந்தச் செயலுக்கான கட்டணத்தையும் குறிக்கும். ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளம் 'திதக்த்ரா', வளர்த்து ஆளாக்கியவருக்குச் செய்யும் பிரதியுபகாரம் 'த்ரெப்த்ரா'. அதே வரிசையில் லூத்ரோன் என்பது ஒருவனை அவிழ்த்துவிடக் கொடுக்கும் பணம். பெரும்பாலும் பன்மையில் 'லூத்ரா' என்றுதான் எழுதுவார்கள். அதிலிருந்து 'லூத்ரோவோ' என்ற வினை. அதன் முன்னால் 'அப்போ' (விலக்கி, அப்பால்) சேர்த்து, அதைச் செயல்பெயராக்கினால் அபொலூத்ரோசிஸ். பைபிளுக்கு வெளியே இது அரிய சொல். புதிய ஏற்பாட்டில் பத்து இடங்களில் வருகிறது.

வெளியே வருகிற சில இடங்கள் சுவையானவை. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், ரோமத் தளபதி பாம்பேயின் வாழ்க்கையை எழுதும்போது, மத்தியதரைக் கடலில் கொள்ளையர்கள் அட்டகாசம் செய்த காலத்தைச் சொல்கிறார். பெரிய மனிதர்களைக் கடத்தினார்கள், நகரங்களையே பிடித்து வைத்துக்கொண்டு பணம் பறித்தார்கள் என்று சொல்லும் இடத்தில் இந்தச் சொல் பன்மையில் வருகிறது. கி.மு. 75-ஐ ஒட்டி இளைஞன் ஜூலியஸ் சீசரையே அந்தக் கொள்ளையர்கள் பிடித்தார்கள். இருபது தாலந்து கேட்டபோது, "நான் யாரென்று தெரியாமல் கேட்கிறீர்கள்" என்று சிரித்து, ஐம்பது தருகிறேன் என்றானாம். மிலேத்து நகரத்திலிருந்து அவனுக்காக வந்த பணத்தைப் புளூட்டார்க் 'லூத்ரா' என்கிறார். பவுல் எபேசுவின் மூப்பர்களை வரவழைத்து விடைபெற்றது இதே மிலேத்துவில்தான். அந்தக் கரையோரத்து ஜனங்களுக்கு இந்தச் சொற்கள் புத்தகச் சொற்கள் அல்ல.

அரிஸ்தேயாவின் கடிதம் என்று ஒரு யூத நூல் உண்டு. எபிரெய வேதம் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்குப் பெயர்க்கப்பட்ட கதையைச் சொல்வது. அதில் இரண்டாம் தாலமி மன்னன் எகிப்திலிருந்த யூதக் கைதிகளை விடுவிக்கிறான். தலைக்கு இருபது திராக்மா வீதம் அரசு கருவூலத்திலிருந்து உடைமைக்காரர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அந்த நடவடிக்கைக்கு நூலாசிரியர் வைக்கும் பெயர் அபொலூத்ரோசிஸ். இங்கே விலை வெளிப்படையாக இருக்கிறது. கொடுப்பவன் மூன்றாம் ஆள், விடுதலை பெறுபவர்கள் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. கதையாக இதில் எவ்வளவு நடந்தது என்பது வேறு விவாதம். சொல் எப்படிப் புழங்கியது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இனி அடிமைகள் விஷயம். எகிப்தின் ஒக்ஸிரிங்குஸ் ஊர்க் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ்களில், கி.பி. 86-ஐச் சேர்ந்த ஒன்றில், சேயுஸ் (கிரேக்கரின் தலைமைத் தெய்வம்), பூமி, சூரியன் ஆகியோரைச் சாட்சியாக வைத்து 'லூத்ரா' பெற்றுக்கொண்டு விடுவிக்கப்பட்ட அடிமையைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. புதிய ஏற்பாட்டுப் புத்தகங்கள் எழுதப்பட்ட அதே நூற்றாண்டு. ஆகவே, அடிமை விடுதலைக்கும் இந்தச் சொற்குடும்பத்துக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு.

ஆனால் பிரசங்கங்களில் அதிகம் பேசப்படுவது கிரேக்க நாட்டின் கோயில் ஊரான டெல்ஃபி. அங்கே அப்போலோ என்ற தெய்வத்தின் கோயில் மேடையைத் தாங்கும் பலகோணக் கற்சுவரிலும் மற்ற இடங்களிலுமாக, அடிமை விடுதலைப் பத்திரங்கள் ஆயிரத்துக்கும் மேல் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ கி.மு. 200 முதல் கி.பி. 100 வரையான காலம். கி.மு. 200/199-ஐச் சேர்ந்த ஒன்று சொல்வதன் சாரம் இது: பித்திய அப்போலோ, அம்ஃபிஸா ஊர் சோசிபியுஸிடமிருந்து, விடுதலைக்கென்று, நிக்காயா என்ற ரோம இனப் பெண்ணை மூன்றரை மீனா வெள்ளிக்கு வாங்கினார், பணத்தை விற்றவர் பெற்றுக்கொண்டார், கிரயத்தை நிக்காயா அப்போலோவிடம் ஒப்படைத்திருக்கிறாள்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அடிமைக்குச் சட்டப்படி ஒப்பந்தம் செய்யும் உரிமை கிடையாது. அதனால் அவள் சேர்த்து வைத்த பணத்தைச் சாமியிடம் கொடுத்து, சாமி வாங்குவதாகப் பத்திரம் எழுதி, சாமி பெயரில் சுதந்திரமாகிறாள். மூன்றரை மீனா என்றால் முந்நூற்றைம்பது திராக்மா. ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஒரு வருட உழைப்பு. பல பத்திரங்களில் 'பரமொனே' என்று ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கும்: பழைய எஜமான் சாகும்வரை அவரோடேயே தங்கி, சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். விடுதலைப் பத்திரத்துக்குள்ளேயே அடிமைத்தனத்தை வைத்து எழுதும் சாமர்த்தியம் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது.

ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் டைஸ்மன் 1908-இல் இந்தக் கல்வெட்டுகளைப் பவுலின் நிருபங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 'விடுதலைக்கென்று' என்ற அதே தொடர் கலாத்தியர் 5:13-இல் இருக்கிறது. 'கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்' என்று 1 கொரிந்தியரில் இரண்டு முறை வருகிறது. கல்வெட்டுகளிலும் கிரயத்துக்கு அதே 'திமே' என்ற சொல். படித்தவர்கள் அசந்துபோனார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பிரசங்கபீடத்தில் டெல்ஃபி ஓடிக்கொண்டிருக்கிறது.

பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் நிதானப்படுத்தினார்கள், எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. டெல்ஃபியில் அப்போலோ பெயருக்குத்தான் வாங்குபவர். நிக்காயா அவருக்கு அடிமையாகப் போகவில்லை. பவுல் சொல்வது நேர் எதிர்: நீங்கள் இப்போது உங்களுடையவர்கள் அல்ல, வாங்கியவருக்குச் சொந்தம். டெல்ஃபியில் பணம் அடிமையின் கையிலிருந்து வந்தது, பவுலிடம் அடிமை எதுவும் கொடுப்பதில்லை. அது போக, நிக்காயாவின் பத்திரத்தில் 'வாங்கினார்' என்பதற்கு வருகிற வினை வேறு. பவுல் பயன்படுத்தும் 'அகொரட்ஸோ' அங்கே இல்லை. அபொலூத்ரோசிஸும் இல்லை. டெல்ஃபி அந்தக் காலத்துச் சூழலைக் காட்டுகிறது, அவ்வளவுதான். எபேசியர் 1:7-க்கு அதுவே அகராதி ஆகாது.

பவுலுக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும்? சந்தேகமே இல்லாமல் அவர் தினமும் புரட்டிய கிரேக்கப் பழைய ஏற்பாட்டிலிருந்து. செப்துவஜிந்த் என்று சொல்லும் அந்த மொழிபெயர்ப்பில்தான் விஷயம் கனமாகிறது.

எபிரெயத்தில் இதற்கு இரண்டு முக்கிய வினைகள் உண்டு. ஒன்று 'பாதா': ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்து விடுவிப்பது. கழுதையின் தலையீற்றை ஓர் ஆட்டுக்குட்டியால் மீட்க வேண்டும் (யாத்திராகமம் 13:13). மனிதரின் முதற்பேறுக்கு ஐந்து சேக்கல் (எண்ணாகமம் 18:16). இன்னொன்று 'காஅல்': இது குடும்பச் சொல். சகோதரன் கடன்பட்டு நிலத்தை விற்றுவிட்டால், அல்லது தன்னையே விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் போய் மீட்க வேண்டும் என்று லேவியராகமம் 25 சொல்கிறது. அப்படிப்பட்ட உறவினனுக்கு 'கோஏல்' என்று பெயர். ரூத் புத்தகத்தில் போவாஸ் அதுதான். நம் பழைய தமிழ் வேதாகமம் 'சுதந்தரவாளி' என்று எழுதியிருக்கிறது. யோபு "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று கதறும்போதும் மூலத்தில் கோஏல்தான். செப்துவஜிந்தைச் செய்தவர்கள் இந்த இரண்டு வினைகளையும் பெரும்பாலும் ஒரே லூத்ரோவோ கொண்டு பெயர்த்தார்கள். இவை தவிர 'கோஃபெர்' என்று ஈட்டுத்தொகைக்கான பெயர்ச்சொல் ஒன்று உண்டு. முட்டும் மாட்டைக் கட்டி வைக்காமல் விட்டு ஆள் செத்தால், உரிமையாளன் தன் உயிருக்கு ஈடாகக் கொடுக்கும் பணம் அது, கிரேக்கத்தில் லூத்ரா. கொலைகாரனுக்காக இதை வாங்கவே கூடாது என்று எண்ணாகமம் 35:31 தடுக்கிறது.

இதுவரை எல்லாம் விலைதான். இப்போது யாத்திராகமம் 6:6-க்கு வாருங்கள்: "ஓங்கிய கையினாலும், மகா தண்டனைகளினாலும் உங்களை மீட்டு". அதே காஅல், அதே லூத்ரோவோ. ஆனால் பார்வோனுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது பத்து வாதைகள். உபாகமம் முழுக்க, 'அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னை மீட்டார்' என்று வரும்போதெல்லாம் இதுதான் நிலைமை. ஏசாயா ஒரு படி மேலே போகிறார். பாபிலோனிலிருந்து திரும்பி வருவதைப் பற்றி, விலையில்லாமல் விற்கப்பட்டீர்கள், பணமில்லாமல் மீட்கப்படுவீர்கள் என்கிறார் (52:3). விலையையே மறுக்கும் வாக்கியத்தில் இந்த வினை! அதே ஏசாயா 43:3-இல், "உன்னை மீட்கும்பொருளாக எகிப்தை" கொடுத்தேன் என்றும் வருகிறது. ஒரே புத்தகம், இரண்டு பேச்சும் உண்டு.

அபொலூத்ரோசிஸ் என்ற முழு வடிவம் செப்துவஜிந்தில் வருவது ஒரே ஓர் இடத்தில், தானியேல் 4-ஆம் அதிகாரத்தின் பழைய கிரேக்க வடிவத்தில். ஏழு வருடம் மாட்டைப் போலப் புல் மேய்ந்த நேபுகாத்நேச்சார், என் அபொலூத்ரோசிஸின் காலம் வந்தது என்கிறான். அவனுக்காக யாரும் எதையும் செலுத்தவில்லை. தண்டனைக் காலம் முடிந்தது, விடுவிக்கப்பட்டான். அந்த ஒரு வசனம் போதும், 'இந்தச் சொல் வந்தாலே விலை உண்டு' என்ற விதி உடைந்துபோக.

முதல் நூற்றாண்டு யூதர்களின் காதில் இந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பதற்குக் காசுகளே சாட்சி. ரோமுக்கு எதிரான முதல் கலகத்தின் நான்காம் ஆண்டில், அதாவது கி.பி. 69-70-இல், எருசலேமில் அடித்த வெண்கலக் காசுகளில் 'சீயோனின் மீட்புக்காக' என்று எபிரெயத்தில் பொறித்தார்கள். 132-இல் பார் கோக்பா என்ற யூதத் தலைவன் ரோமுக்கு எதிராக எழுந்தபோது 'இஸ்ரவேலின் மீட்பின் முதலாம் ஆண்டு'. இரண்டிலும் காஅல் குடும்பத்துச் சொல்தான். ரோமுக்கு விலை கொடுத்து ஊரை வாங்கும் எண்ணம் அவர்களில் ஒருவனுக்கும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு லூக்காவைப் படித்துப் பாருங்கள். அன்னாள் என்னும் கிழவி "எருசலேமிலே மீட்புண்டாகக் காத்திருந்த" ஜனங்களோடு பேசுகிறாள் (2:38). எம்மாவூர் வழியில் இரண்டு பேர், அவர்தான் இஸ்ரவேலை மீட்பார் என்று நம்பியிருந்தோம் என்று முகவாட்டத்தோடு சொல்கிறார்கள் (24:21). இரண்டிலும் லூத்ரோன் குடும்பத்துச் சொல், இரண்டிலும் யாத்திராகம வாசனை. அடிமைச் சந்தையை உள்ளே நுழைத்தால் அந்த வாக்கியங்களே புரியாமல் போய்விடும்.

நாம் தமிழில் படிப்பது இந்த இடத்தில் ஒரு வசதி. அடகு வைத்த நகையைப் பணம் கட்டி 'மீட்டேன்' என்கிறோம். ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்புக் குழு 'மீட்டது' என்றும் சொல்கிறோம். முதலாவதில் பணம் இல்லாமல் மீட்பு இல்லை, இரண்டாவதில் பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. யாரும் குழம்புவதில்லை. கிரேக்கம் பேசிய யூதர்களுக்கு லூத்ரோவோ கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அறிஞர்கள் இதில் நூறு வருடமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பெஞ்சமின் வார்ஃபீல்டும் ஆஸ்திரேலியாவின் லியோன் மாரிஸும் விலை எப்போதும் உள்ளே இருக்கிறது என்ற கட்சி. ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் பூக்செல், அபொலூத்ரோசிஸ் பவுலின் காலத்தில் தேய்ந்து வெறும் 'விடுதலை' ஆகிவிட்டது என்ற கட்சி. முதல் கட்சி எகிப்து விடுதலையைக்கூட விலைக்குள் கொண்டுவர, தேவன் தம் வல்லமையைச் செலவிட்டதே விலை என்று சொல்லிப் பார்க்கிறது. அது இழுத்துக் கட்டுவது. அப்படிச் சொன்னால் பூமியில் எந்தச் செயலுக்கும் விலை உண்டு, பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன தனிச் சிறப்பு? இரண்டாம் கட்சியோ, பக்கத்திலேயே 'இரத்தம்' என்று எழுதியிருக்கும்போதும் கண்ணை மூடிக்கொள்கிறது.

சரி, பத்து இடங்களுக்கு வருவோம்: லூக்கா 21:28, ரோமர் 3:24, 8:23, 1 கொரிந்தியர் 1:30, எபேசியர் 1:7, 1:14, 4:30, கொலோசெயர் 1:14, எபிரெயர் 9:15, 11:35.

ரோமர் 3:24 மிக முக்கியமானது, மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் அதுதான். "இலவசமாய் அவருடைய கிருபையினாலே கிறிஸ்து இயேசுவிலுள்ள மீட்பைக்கொண்டு" நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்று வருகிறது. இலவசம் என்ற சொல்லும் மீட்பு என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில். ஏசாயாவின் 'பணமில்லாமல்' பவுலின் காதில் ஒலித்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது, நிரூபிக்க முடியாது. அடுத்த வசனத்திலேயே இரத்தமும் கிருபாதாரபலியும் வந்துவிடுகின்றன. ஆக, நமக்கு இலவசம், அவருக்கு இரத்தம். விலை என்ற எண்ணம் இங்கே உண்டு. ஆனால் அதைக் கொண்டுவருவது 25-ஆம் வசனம். அபொலூத்ரோசிஸ் தனியாக அதைச் சுமக்கவில்லை.

நீங்கள் படித்த எபேசியர் 1:7-இலும் அதே கதை. 'இவருடைய இரத்தத்தினாலே' என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பதால், விலை கொடுத்த மீட்பு என்று உங்கள் போதகர் விளக்கியதில் அந்த வசனத்தைப் பொறுத்தவரை பிழையில்லை. இப்போது அதற்கு இரட்டைப்பிள்ளை போலிருக்கும் கொலோசெயர் 1:14-ஐ எடுங்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் அங்கேயும் 'அவருடைய இரத்தத்தினாலே' இருக்கும். ஆனால் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்தச் சொற்கள் இல்லை. எபேசியரை மனப்பாடமாகத் தெரிந்த பிரதியெடுப்பவர் யாரோ பழக்கத்தில் சேர்த்துவிட்டார், பிற்காலப் பிரதிகளில் நிலைத்துவிட்டது. அந்தத் தொடரை எடுத்துவிட்டு 13-ஆம் வசனத்தோடு சேர்த்துப் படித்தால், இருளின் அதிகாரத்திலிருந்து விடுதலையாக்கி, குமாரனுடைய ராஜ்யத்துக்குக் கொண்டுபோனார், அவருக்குள் மீட்பு. அப்பட்டமான எகிப்து விடுதலை. 20-ஆம் வசனத்தில் சிலுவையின் இரத்தம் வருகிறது, உண்மைதான், அங்கே அது சமாதானத்தோடு சேர்ந்து வருகிறது. இரட்டைப்பிள்ளைகளிலும் குணம் வேறு வேறு.

எபிரெயர் 9:15-இல் மீறுதல்களிலிருந்து அபொலூத்ரோசிஸ் கிடைக்க ஒரு மரணம் நடந்தது என்று இருக்கிறது. விலைக்கு மிக நெருக்கமான இடம் இதுதான் என்பேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கே மீட்பு என்று போடாமல் அக்கிரமங்களை 'நிவிர்த்திசெய்யும்பொருட்டு' என்று எழுதினார்.

எபிரெயர் 11:35 வேறு ரகம். விசுவாச வீரர்களின் பட்டியலில், சிலர் மேன்மையான உயிர்த்தெழுதலை அடைய 'விடுதலைபெறச் சம்மதியாமல்' வாதிக்கப்பட்டார்கள் என்று வருகிறது. அந்த 'விடுதலை'தான் அபொலூத்ரோசிஸ். இது மக்கபே காலத்துக் கதை: சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோகு எப்பிபானேஸ் யூதர்களைப் பன்றி இறைச்சி தின்னச் சொல்லி, தின்றால் விட்டுவிடுகிறேன் என்கிறான், எலெயாசர் என்ற முதியவரும், ஏழு சகோதரர்களும் அவர்கள் தாயும் மறுத்துச் சாகிறார்கள். பூக்செல் கட்சிக்கு இது பிடித்த வசனம், வெறும் விடுதலைதானே என்பார்கள். வார்ஃபீல்டு கட்சி, விசுவாசத்தை விடுவதே அங்கே கேட்கப்பட்ட விலை என்று திருப்பும். கெட்டிக்காரத்தனமான பதில், எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இருந்தாலும் வசனத்தை எழுதியவர் அதைச் சொல்லவில்லை, நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

மிச்சம் இருப்பவற்றில் நான்கு இடங்களைப் பிரசங்கங்கள் கிட்டத்தட்ட மறந்தே விட்டன. மீட்பு என்றாலே நமக்குச் சிலுவையில் முடிந்துபோன காரியம். ஆனால் லூக்கா 21:28-இல் "உங்கள் மீட்பு சமீபமாயிருப்பதால்" தலைகளை உயர்த்துங்கள் என்கிறார் இயேசு; இன்னும் வரவில்லை. ரோமர் 8:23-இல் சரீர மீட்புக்காகக் காத்திருந்து தவிக்கிறோம். எபேசியர் 4:30-இல் 'மீட்கப்படும் நாள்' முன்னால் இருக்கிறது. 1:14-இல் ஆவியானவர் அந்த மீட்புக்கு 'அச்சாரம்'. கிரேக்கத்தில் அது 'அர்ராபோன்', செமித்திய வியாபாரிகளிடமிருந்து கிரேக்கர் வாங்கிய சொல். ஆதியாகமம் 38-இல் யூதா தாமாரிடம் ஆட்டுக்குட்டிக்குப் பதில் வைத்துவிட்டுப் போன அடைமானத்துக்கு எபிரெயத்தில் இதன் மூலச்சொல்தான் வருகிறது. நிலம் வாங்கும்போது கொடுக்கும் அச்சாரம் எதற்கு என்று தமிழ்ப் படிப்பாளிக்கு விளக்க வேண்டியதில்லை: கிரயம் பேசியாயிற்று, பாக்கி இருக்கிறது. இந்த நான்கு இடங்களிலும் 'அடிமைச் சந்தையில் வாங்குதல்' என்று வைத்துப் படித்துப் பாருங்கள். ஒன்றிலும் பொருந்தாது. நம் உடல் எந்தச் சந்தையில் நிற்கிறது? நேபுகாத்நேச்சார் சொன்ன 'என் காலம் வந்தது' என்பதுதான் இவற்றுக்குப் பக்கம்.

அப்படியானால் சந்தை எங்கிருந்து வந்தது? மூன்று படிகளாகச் சொல்லும் ஒரு பிரசங்க வாய்ப்பாடு உண்டு: அகொரட்ஸோ என்றால் சந்தையில் வாங்குவது, எக்ஸகொரட்ஸோ என்றால் சந்தைக்கு வெளியே வாங்கிக்கொண்டு போவது, லூத்ரோவோ என்றால் கட்டவிழ்ப்பது. உங்கள் போதகர் சொன்னது இந்த மூன்றையும் ஒரே சொல்லில் கட்டியது. கேட்க அழகாக இருக்கும். அகொரா என்றால் சந்தை, அதிலிருந்து அகொரட்ஸோ வந்தது, அதெல்லாம் சரி. ஆனால் அன்றாடக் கிரேக்கத்தில் அது வெறுமனே 'வாங்கு'. சீஷர்கள் அப்பம் வாங்கப் போனதும் அகொரட்ஸோதான். எக்ஸகொரட்ஸோவைப் பவுல் கலாத்தியர் 3:13-இலும் 4:5-இலும் நியாயப்பிரமாணத்திலிருந்து மீட்பதற்குப் பயன்படுத்துகிறார், அங்கே அது நன்றாகப் பொருந்துகிறது. அதே வினையை எபேசியர் 5:16-இல் காலத்துக்குப் பயன்படுத்துகிறார்: "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்". காலத்தை எந்தச் சந்தைக்கு வெளியே கொண்டுபோவது? கிரேக்கத் தானியேல் 2:8-இல், சொப்பனத்தைச் சொல்லத் தெரியாமல் இழுத்தடிக்கும் சாஸ்திரிகளை, நேரத்தை வாங்கப் பார்க்கிறீர்கள் என்று ராஜா இதே வினையில்தான் திட்டுகிறான். சொல்லின் முன்னொட்டை உடைத்துச் சித்திரம் வரைவது இப்படித்தான் மாட்டிவிடும். ஜேம்ஸ் பார் 1961-இல் வேதாகம அறிஞர்களின் இந்தப் பழக்கத்தை ஒரு முழுப் புத்தகமாக எழுதிக் கண்டித்தார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. விலை யாருக்கு?

இதற்கு நாம் பார்க்க வேண்டிய சொல் அபொலூத்ரோசிஸ் அல்ல, லூத்ரோனே. மாற்கு 10:45: "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக்" கொடுக்க மனுஷகுமாரன் வந்தார். திருவிவிலியம் 'மீட்புக்கு ஈடாக' என்கிறது. கிரேக்கத்தில் 'லூத்ரோன் அன்தி பொல்லோன்', அநேகருக்குப் பதிலாக ஒரு லூத்ரோன். இங்கே விலையை யாரும் மறுக்க முடியாது. முதல் நூற்றாண்டு யூதர் யோசேப்பஸ் எழுதிய வரலாற்றில் இதன் ஜாடையிலேயே ஒரு தொடர் இருக்கிறது. கி.மு. 54-இல் ரோமத் தளபதி கிராசஸ் எருசலேம் ஆலயத்தைக் கொள்ளையடிக்க வந்தான். பொக்கிஷத்துக்குப் பொறுப்பான எலெயாசர் என்ற ஆசாரியன், மரத்துக்குள் மறைத்து வைத்திருந்த ஒரு தங்க உத்திரத்தை, மற்றதைத் தொடாதே என்று ஆணை வாங்கிக்கொண்டு, 'எல்லாவற்றுக்கும் பதிலாக லூத்ரோன்' என்று அவனிடம் கொடுத்தான். கிராசஸ் உத்திரத்தையும் எடுத்தான், ஆணையை மீறி மற்றதையும் எடுத்தான். அடுத்த வருடம் பார்த்தியரிடம் தோற்றுச் செத்தான். அந்தக் கதையில் வாங்கியவன் யார் என்று தெளிவாக இருக்கிறது. மாற்குவில் இல்லை.

சபைப் பிதாக்கள் அந்த வெற்றிடத்தைச் சும்மா விடவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், நம்மைப் பிடித்து வைத்திருந்தவன் பிசாசு, ஆகவே விலை அவனுக்குத்தான் என்றார். நான்காம் நூற்றாண்டில் நீசா நகர கிரெகோரி அதை வளர்த்து, கிறிஸ்துவின் மாம்சம் இரை, தெய்வத்துவம் அதற்குள் மறைந்த தூண்டில், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான் என்றார். அவருடைய நண்பர் நசியான்சு கிரெகோரிக்கு இது அருவருப்பாகப் பட்டது. கொள்ளைக்காரனுக்கு இவ்வளவு பெரிய கூலியா, வெட்கக்கேடு என்றார். சரி பிதாவுக்கா என்றால், நம்மைச் சிறைப்பிடித்தவர் அவர் இல்லையே என்று அதையும் தள்ளினார். 1098-இல் முடித்த நூலில் காண்டர்பரி பேராயர் அன்செல்ம் பிசாசை முழுக்க ஓரம்கட்டிவிட்டு, தேவனுடைய கனத்துக்குப் பட்ட கடன் என்று வேறு கணக்கில் பேசினார்.

புதிய ஏற்பாட்டைத் தேடினால், மீட்பின் விலையைப் பெற்றுக்கொண்டவர் என்று ஒரு பெயரும் கிடைக்காது. 1 தீமோத்தேயு 2:6-இல் எல்லாருக்காகவும் கொடுக்கப்பட்டது என்று இருக்கிறது, யாரிடம் என்று இல்லை. 1 பேதுரு 1:18-19-இல் வெள்ளியும் பொன்னும் அல்ல, இரத்தம் என்று விலை சொல்லப்படுகிறது, விற்றவர் இல்லை. வெளிப்படுத்தல் 5:9-இல் 'தேவனுக்கென்று' என்று வருவதைச் சிலர் காட்டுவார்கள். அங்கே தேவன் வாங்கப்பட்டவர்களைப் பெறுகிறவர், பணத்தைப் பெறுகிறவர் அல்ல. எபேசியர் 5:2-இலும் எபிரெயர் 9:14-இலும் கிறிஸ்து தம்மைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்தார் என்பது தெளிவாக இருக்கிறது. ஆனால் அவை பலிபீடத்து மொழி, காணிக்கை, வாசனை, பழுதற்றது என்ற சொற்களோடு வருபவை. லூத்ரோன் குடும்பத்துச் சொல் அந்த இரண்டு வசனங்களிலும் இல்லை. உங்கள் வகுப்பில் யாராவது 'பிதாவுக்குக் கொடுத்த விலை' என்று சொன்னால், அது இரண்டு வேறு பேச்சுகளை ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடைத்த முடிவு என்று தெரிந்து சொல்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். முடிச்சுப் போடக் கூடாது என்பதில்லை, எபிரெயர் 9-ஆம் அதிகாரமே 12-ஆம் வசனத்திலும் 15-ஆம் வசனத்திலும் மீட்பையும் பலியையும் அருகருகே வைக்கிறது. அங்கேயும் ரசீது யார் பெயரில் என்று எழுதியிருக்கவில்லை.